ஒருத்தன் விழுந்தா ரேஸ் செத்துச்சு

நளினிக்கு உட்காரத் தெரியாது. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். காலையில் பெங்களூரு போகிற ரயிலில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் சன்னல் சீட்டு. எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறினால் நிற்கத்தான் இடம் இருக்கும். அதனால் வண்டி கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பத்துக்குப் போகும்போதே ஏறி, அது அங்கிருந்து திரும்புகிற வரை சீட்டைக் காவல் காக்கிற கூட்டத்தில் நாங்களும் உண்டு. அப்படிப் பாடுபட்டுப் பிடித்த இடத்தில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் முட்டி என் முட்டியில் இடிக்கும். போனை எடுப்பாள், பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடியும் எடுப்பாள். பங்காருபேட்டை வருவதற்குள் எனக்கே படபடப்பு வந்துவிடும். காலை ஆட்டாதே என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சாரிக்கா என்று நிறுத்துவாள். அடுத்த ஸ்டேஷனுக்குள் இடது கால் ஆரம்பித்துவிடும்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். என் வேலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் வேலை எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் பிடித்தது. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிற விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனி அது. விளையாடுகிறவன் ஒரு காரை ஓட்டுவான், மற்ற கார்களைக் கம்ப்யூட்டர் ஓட்டும். அந்த மற்ற கார்களுக்குப் புத்தி சொல்லித் தருவதுதான் நளினியின் உத்தியோகம். பி.இ. படித்துவிட்டுப் பொம்மைக் காருக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாயா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் போனைப் பார்த்தாள்.

அவள் போனை ஏன் பார்க்கிறாள் என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தெரியும். எல்லாம் அவள் தம்பி பிரதாப்பால் வந்தது.

எங்கள் ஊர் கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகள் உண்டு. தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொட்டிக் குவித்த மண், குன்று குன்றாக நிற்கிறது. வெயிலில் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். மழைக்குப் பிறகு பார்வைக்குக் காய்ந்த தரை போலத்தான் தெரியும், காலை வைத்தால் அடியில் களி. நம் பிள்ளைகளுக்கு அதுதான் பைக் ரேஸ் மைதானம். அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தன் விழுந்தால் ரேஸ் செத்தது. ஜெயிக்கப் போகிறவனாக இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு விழுந்தவனிடம் வரவேண்டும், தூக்கி நிறுத்த வேண்டும், எல்லோரும் கீழே இறங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த மண்ணில் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டவன் தனியாக எழ முடியாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. ஷிப்ட் முடிந்தால் சுரங்கக் கூண்டில் இறங்கினவர்கள் அத்தனை பேரும் மேலே வந்தார்களா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வேறு எப்படி ஓட்டுவார்கள்?

பிரதாப் விழுந்த அன்று துணைக்கு யாருமில்லை. மழை விட்ட காலையில் ஆசை தாங்காமல் தனியாகப் போயிருக்கிறான். ஓடு உடைந்து வண்டி சரிந்து இடது கால் அடியில் போய்விட்டது. அக்காவுக்குப் போன் அடித்தான். அவள் ஆபீஸில் ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு, விளையாட்டுக் காரின் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை அது. மறுபடி அடித்தான். அப்புறம் போனில் சார்ஜ் இல்லை. உச்சி வெயில் தாண்டி, ஆடு மேய்க்க வந்த ஒருவர் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் ஆட்கள் ஓடினார்கள். காலுக்குள் கம்பி வைத்தார்கள். எழுந்து நடக்கிறான், விந்தி விந்தி. அந்த நேரம் முழுக்க என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

நடக்க ஆரம்பித்ததும் பயலுக்கு மறுபடி மேட்டு நினைப்பு. அவன் கூட்டாளி டென்சில் பைக்கைச் சரிசெய்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், நல்ல எண்ணத்தில்தான். அம்மா பார்வதம்மா சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். அது எங்கே இருக்கிறதென்று அவனுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நளினி ஆபீஸில் கேட்டு, ஸ்டியரிங்கும் பெடலும் வைத்த நாற்காலி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். செய்து பார்க்கிற விளையாட்டை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது ஆபீஸுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் அந்த அரிசி டிரம். விளையாட்டு நிஜம் போல இருந்தால் தம்பி வீட்டில் உட்காருவான். இல்லாவிட்டால் டிரம்மைத் திறப்பான். ரயிலில் ஆடிய கால்களுக்கு இதுதான் அர்த்தம். இது தெரிந்த பிறகும் நான் காலை ஆட்டாதே என்றுதான் சொன்னேன். என் சுபாவம் அப்படி.

முதல் நாளே பிரதாப் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் முன்னால் போய்விட்டால், பின்னால் வரும் கார்களுக்குக் கம்ப்யூட்டர் ரகசியமாக வேகம் கொடுக்கிறது. அந்த ஏற்றத்தில் அந்த வண்டி அப்படி ஏறவே முடியாது என்றான். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க எல்லாக் கம்பெனியும் செய்வதுதானாம். நளினிக்கு அவமானமாகிவிட்டது. ஆபீஸில் சண்டை போட்டாள். ஆளுக்கும் அதே டயர், கம்ப்யூட்டருக்கும் அதே டயர், அதே கனம், அதே மண் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தோடு மண்ணையும் விடவில்லை. வளைவில் வண்டியின் பாரம் எந்தச் சக்கரத்தில் இறங்கும், டயர் சூடேறினால் பிடி எப்படி மாறும், மேலோடு எப்போது உடையும் என்று ரயிலிலேயே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போய் மண்ணை மிதித்து மிதித்துப் பார்த்தாளாம். நியாயம் வந்ததும் என்ன ஆனது தெரியுமா? கம்ப்யூட்டர் கார்கள் எல்லாம் முதல் வளைவிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்தன. அதுவரை தள்ளிவிட்ட கை இல்லாமல் போனதும் ஒன்றுக்கும் ஓட்டத் தெரியவில்லை.

பிறகு அவற்றை நேராக ஓடவைத்தாள். அதுவும் பிரதாப்புக்குப் பிடிக்கவில்லை.

"காரு நெஜமா கீது. மண்ணு நம்ம மேட்டு மண்ணு மாதிரியே ஏமாத்துது. ஆனா ஓட்றவனுங்க ஆளுங்களே இல்லக்கா. நான் பக்கத்துல கீறதே அவனுங்களுக்குத் தெரியல" என்றான்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். எதிராளி தப்பு செய்யவேண்டும், பயப்படவேண்டும், பொறாமைப்படவேண்டும், பக்கத்தில் ஒருவன் வந்தால் உறைக்கவேண்டும். அதைக் கணக்குப் போட்டு எழுதமுடியாது, ஓட்டுகிற மனிதர்களைப் பார்த்துத்தான் மெஷின் கற்றுக்கொள்ளவேண்டும் என்றாள். ஓட்டுகிறவர்களுக்கு அவள் எங்கே போவாள்? டென்சிலையும் மேட்டுக் கூட்டாளிகளையும் வீட்டுக்கு வரவழைத்தாள். ஆபீஸிலிருந்து இன்னும் சில ஸ்டியரிங்குகள் வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைனில் யாரும் மத்தியானம் தூங்கவில்லை. தடித் தடிப் பயல்கள் சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, திட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் ஓட்டுவார்கள். ஒருவன் கார் கவிழ்ந்தால் மற்றவர்கள் ஓவென்று கத்திக்கொண்டே தங்கள் கார்களைத் திருப்பிக் கொண்டுவந்து அதைச் சுற்றி நிறுத்துவார்கள், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பம். ஒவ்வொரு அசைவையும் மெஷின் பதிந்துகொண்டது. நானும் ஒரு தட்டு போண்டாவோடு போய்ப் பார்த்தேன். சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. நளினிக்கும் தெரியவில்லை.

பலன் அருமையாக வந்தது. புதிய எதிராளிகள் டென்சிலைப் போலவே வளைவில் தாமதமாகப் பிரேக் போட்டார்கள், பக்கத்தில் உரசினால் கடுப்பானார்கள், முன்னால் போகிறவனைப் பார்த்துப் பதறித் தப்பு செய்தார்கள். பிரதாப் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தான். பார்வதம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, பையன் சிரித்தான் என்று ஒரு விசேஷச் செய்தி போலச் சொல்லிவிட்டுப் போனார். ரயிலில் நளினியின் கால் கொஞ்சநாள் ஆடாமல் இருந்தது. எனக்கு என்னவோ வெறிச்சென்றிருந்தது.

அப்போதுதான் ஆபீஸுக்கு அந்த விருந்தாளிகள் வந்தார்கள். விளையாட்டை வாங்கி உலகம் முழுக்க விற்கப்போகிறவர்கள். அவர்களில் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஏற்ற வளைவில் ஓடு உடைந்து அவர் கார் குப்புறக் கவிழ்ந்தது. முன்னால் பறந்துகொண்டிருந்த எதிராளிகள் அத்தனை பேரும் பிரேக் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே வந்து அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் நகரவில்லை. விருந்தாளிகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை. மேனேஜர் நளினியைக் கூப்பிட்டு இது என்ன கோளாறு என்று கேட்டார். பயல்கள் திரும்பி வந்ததை அவள் வாரா வாரம் பார்த்தவள்தானே. அதை வெட்டி எறியவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விழுந்தவனிடம் திரும்பிப் போவது ரேஸில் சேராத விஷயம் என்று கோலார் தங்கவயலில் பிறந்த யாருக்குத்தான் தோன்றும்?

அந்த மேனேஜரை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம்தான் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. உலகத்தில் எந்த ரேஸில் எவன் திரும்பி வருகிறான்? அந்தப் பழக்கத்தை எடுத்துவிடு, இல்லையென்றால் இந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று பதவிசாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தாள். எடுக்கிற நாட்களில் ரயிலில் இரண்டு கால்களும் ஆடின. நான் என் முட்டியை ஒதுக்கிக்கொண்டேன்.

ஆபீஸில் மாற்றினால் வீட்டு மெஷினிலும் தானாகவே மாறிவிடும். தம்பியிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பாத்திரம் திருப்பிக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். பார்வதம்மா சந்தைக்குப் போயிருந்தார். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. பிரதாப் ஓட்டிக்கொண்டிருந்தான், நளினி ஒரு மூலையில் லேப்டாப்போடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏற்ற வளைவில் அவன் கார் கவிழ்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். கார்கள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின. எஞ்சின் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. திரையில் வெறும் மேடும் காற்றுச் சத்தமும்தான். அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது, அந்தக் காலையில் மேட்டில் எப்படிக் கிடந்திருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாக்கா, ஒருத்தனும் வரல?" என்றான்.

நளினி சொன்னாள். ஆபீஸ், விருந்தாளி, மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். சரிதான், ரேஸ் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். டிரம்மின் தகர மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முழங்கை வரை அரிசித் தூள், கையில் சாவி. டென்சில் மேட்டில் இருக்கிறான், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். மழை பெய்த மண்ணை யாராவது சும்மா பார்க்கப் போவார்களா?

நான் வாசலை மறித்துக் கத்தத் தயாராக இருந்தேன். நளினி எழுந்திருக்கவே இல்லை. இன்னொரு ஸ்டியரிங்கை இழுத்துத் தன் லேப்டாப்பில் செருகினாள். அவளுக்குப் புத்தி சொல்லித்தரத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. ஒருநாளும் அவள் ஓட்டியதில்லை.

"போ. தடுக்க மாட்டேன். ஒரே ஒரு ரேஸ் என்கூட ஓட்டிட்டுப் போ" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கொடி இறங்கியதும் எதிராளிகளை வெட்டி வெட்டி முன்னால் போனான். நளினி சுவரில் உரசி, வேலியில் மோதி, எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். பிரதாப் ஏற்றத்தைத் தாண்டி முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் அந்த வளைவில் அவள் கார் உருண்டு குப்புற விழுந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். வேண்டுமென்றே விழுந்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவள் ஓட்டிய லட்சணத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது.

பிரதாப்பின் திரையில் ஓரத்தில் அவள் பெயர் சிவப்பானது. அவன் அதைப் பார்த்தான். எதிரே எல்லைக்கோடு தெரிகிறது. பிரேக் போட்டு, வண்டியைச் சுழற்றித் திருப்பினான். திரை முழுக்க 'தவறான திசை, தவறான திசை' என்று மின்னியது. எதிரே வந்த கார்கள் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. ஒன்று இடித்துக் கதவு போனது, இன்னொன்று விளக்கை உடைத்தது. அவன் நிறுத்தவில்லை. நொண்டிக்கொண்டு வருகிற காரை அவள் கார் வரைக்கும் கொண்டுவந்து, மூக்கால் ஒரு விளிம்பில் முட்டி, மெல்ல மெல்லத் தள்ளினான். அவள் சண்டை போட்டு வாங்கிய நியாயமான கனமும் நியாயமான மண்ணும் அங்கே வேலை செய்தன. கார் ஒரு பக்கம் சாய்ந்தது, தயங்கியது, நான்கு சக்கரத்திலும் வந்து நின்றது.

"ரேஸ் செத்துச்சுக்கா. மொதல்லருந்து வா" என்றான்.

நளினி, போனை எடுக்காமல் விட்ட அந்தக் காலைக்கும் சேர்த்து அழுதாள். அவன் அக்காவின் பக்கம் திரும்பாமல், ஆரம்பக் கோட்டில் போய்க் காத்திருந்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சாவி அவன் மடியிலிருந்து எப்போதோ நழுவிக் கீழே விழுந்திருந்தது. நான் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் இன்னும் வந்து கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று நானும் யோசித்து வைக்கவில்லை.