முத்தையா அங்கிளின் சளியும் என் அவசர ரிப்போர்ட்டும்

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, ஊரார் சளியை வாங்கித் தட்டில் போட்டுக் கிருமி வளர்க்கிற வேலை எனக்கு. மலேசியாவில், கிள்ளான் ஊரில் சின்ன ஆய்வுக்கூடம். கவுண்டரில் நிற்பதும் நான்தான், உள்ளே தட்டைப் பார்ப்பதும் நான்தான். கவுண்டரில் நின்று பேச்சு வாங்கியவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

புதினா வாசம்

பக்கத்துப் பண்டமாரானில் இருக்கும் முத்தையா அங்கிள் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டே இருக்கும் நாள்பட்ட நோய். முதல் தடவை அவர் கொடுத்த டப்பாவைத் திறந்தால் கம்மென்று புதினா! மனுஷன் பல் தேய்த்து, மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்து, வெறும் எச்சிலைத் துப்பிக்கொண்டு வந்திருக்கிறார். நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"பொம்பளப் பிள்ளை கையில கொடுக்கிறது, கொஞ்சம் சுத்தமா கொடுக்க வேணாமா தங்கச்சி?"

பச்சை

மறுநாள் சரியான சரக்கு வந்தது. தட்டில் பச்சைப்பசேலென்று சூடோமோனாஸ் கிருமி. நெஞ்சில் குடியேறினால் லேசில் காலி பண்ணாது. மருந்து கொடுத்தால் அடங்கும், திரும்ப வரும். இப்படியே நாலு வருஷம் ஓடியது. இந்த வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாரை வார்க்கும்போது இருமல் வந்து மானம் போய்விடுமோ என்று அங்கிளுக்கு ஒரே கவலை.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அதைத் தூங்க வச்சிருங்கலா, அப்புறம் அது இஷ்டம்."

மூணு விதம்

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது தட்டைத் திறந்தேன். பச்சை ஒன்று, கொழகொழவென்று ஒன்று, வெளிறிப்போய் ரவை அளவில் ஒன்று. வெளிக்கிருமி கலந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, மற்றதையும் சோதிக்க இன்னொரு நாள் ஆகுமே என்று பச்சையை மட்டும் சோதித்து, 'இந்த மருந்து கேட்கும்' என்று ரிப்போர்ட் அனுப்பினேன். அதோடு விட்டேனா? போன் போட்டு, டப்பாவை எங்கே திறந்து வைத்தீர்கள் என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"சாமி சத்தியமா நான் திறக்கவே இல்லம்மா, வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க!"

என் தப்பு

ரெண்டு வாரம் ஊசி போட்டும் இருமல் குறையவில்லை. புதுச் சளியிலும் அதே மூணு. என் மேலதிகாரி மேடம் லிம் வந்து பார்த்து, மூணும் ஒரே கிருமியின் வாரிசுகள் என்றார். நாலு வருஷமாக அந்த நெஞ்சிலேயே பெருகிப் பெருகி, ஒரு கிளை கொழகொழப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று மெதுவாக வளர்ந்து மருந்துக்குத் தப்பிக்கக் கற்றுக்கொண்டது. ரவையைச் சோதித்தோம். நான் எழுதிய மருந்தை அது சட்டையே பண்ணவில்லை. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அங்கிளிடமும் மூணும் ஒரே கிருமி பெற்றதுதான் என்று விளக்கி மன்னிப்புக் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கே மூணு பிள்ளைங்க, மூணும் மூணு தினுசு. அது பெத்தது மட்டும் ஒரே மாதிரி இருக்குமா?"

மண்டபம்

மருந்தை மாற்றினார்கள். கிருமி ஒழியவில்லை, ஆனால் அடங்கியது. தாரை வார்க்கும் நேரம் மூணாவது வரிசையில் நான் வேண்டாத தெய்வமில்லை. அங்கிள் ஒரு கனைப்புக்கூட கனைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தியில் அவரே சம்பந்தியை அழைத்து வந்து, சாதத்தில் கை வைத்த என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார்.

"சம்பந்தி, நாலு வருஷமா என் சளியைப் பார்த்துக்கிறது இவங்கதான்!"

நாலு வருஷத்தில் அந்தக் கிருமி மூணு விதமாகத் தேறிவிட்டது. நான் இப்போதுதான் ரிப்போர்ட் எழுதுமுன் ஒரு நாள் பொறுக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறேன்.