கழற்ற விடாத பூட்ஸ்

ஷென் பிங்யூவுக்கு வளைந்து கொடுக்கவே வராது. சீனாவில் தாவ்குவாங் சக்கரவர்த்தி காலத்தில், நாலாவது முயற்சியில் அரசுத் தேர்வு தேறி, தெற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊருக்கு நீதிபதியாக வந்தார். அவருடைய அண்ணன் அபினுக்காக மகளின் போர்வையைக்கூட விற்றுவிட்டுச் செத்தவர். அந்த ஆத்திரம் ஷென்னுக்கு ஆறவே இல்லை. வந்த நாளிலிருந்து அபின்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்.

பிடித்த அபின் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் கிடந்தது. அழிக்க அனுமதி கேட்டார். மேலிடம் அதற்கு வாயே திறக்கவில்லை, அவரைத்தான் மாற்றியது. அடுத்து வருபவர் உப்பு வியாபாரி குவாங் தெஹாயின் சம்பந்தி. பிடிபட்டதில் பாதி குவாங்கின் சரக்கு. ஷென் போனதும் அது எங்கே போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது, பெரியவர்கள் நகர வாசலில் அவர் பூட்ஸைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டு, பழையதை அங்கேயே தொங்கவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பதவி முத்திரையைக் கொடுப்பார். தலைகால் புரியாத சந்தோஷத்தில், அந்த மரியாதையைக் குவாங்கே முன்நின்று ஏற்பாடு செய்தார். என்ன நடிப்பு!

ஊரே கூடியிருந்தது. குவாங் மண்டியிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷென்னின் காலைப் பிடித்தார்.

"கொஞ்சம் தூக்குங்கய்யா."

"என்ன அவசரம், குவாங்? பூட்ஸ் கால்ல இருக்கிற வரைக்கும் நான்தானே நீதிபதி?"

"அதுல என்னங்கய்யா சந்தேகம்!"

"அப்ப சரி. ஏய், கிடங்கைத் திறங்கடா! பெட்டி எல்லாத்தையும் இங்க கொண்டாங்க!"

வாசலுக்கு வெளியே தோல் பதனிடுகிறவர்களின் சுண்ணாம்புக் குழி இருந்தது. காவலர்கள் அபினை உடைத்து, உப்போடும் சுட்ட சுண்ணாம்புக் கல்லோடும் அதன் தண்ணீரில் கொட்டினார்கள். குழி கொதித்து நாறியது. குவாங்கால் எழவும் முடியவில்லை. எழுந்தால் மரியாதையைப் பாதியில் விட்டவர் என்று ஊர் காறித் துப்பும்.

"ஐயா, மேலிடத்து உத்தரவு இல்லாம..."

"என் பதவிதான போகும்? போகட்டும். உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"பெருசு, புடிச்ச காலை விட்டுடாத!" என்று மீன்காரி ஒருத்தி கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கடைசிப் பெட்டியும் கரைந்த பிறகு ஷென் காலை நீட்டினார். "இப்ப கழட்டுங்க."

குவாங்கின் கை அசையவில்லை. அந்தப் பூட்ஸ் வாசலில் தொங்கினால் தினமும் அவர் அதன் கீழேதான் போய்வர வேண்டும்.

ஷென் எழுந்து முத்திரையை எழுத்தரிடம் கொடுத்தார்.

"கழட்ட மாட்டீங்களா? நல்லதாப் போச்சு. என்னை எங்க விரட்டினாலும் அங்கயும் உங்க சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பான். தேடிப் போக பூட்ஸ் வேணும்ல?"