ஒட்டு உரிந்த பாட்டில்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பேர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் கச்சிதமான பேர். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிப் பாட்டில் கழுவுகிறாள். சோப்புத் தேய்ப்பு, குழாய்த் தண்ணீரில் மூன்று அலசு, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று அலசு, அப்புறம் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. வீட்டிலும் அதே கூத்துதான். "டம்ளர் தேஞ்சு ஓட்டையாகிடப் போகுது, விடு தாயே!" என்று புருஷன் கையெடுத்துக் கும்பிடாத நாளில்லை.

கழுவும் அறைக்கு இடப்பக்கம் தண்ணீர்க்காரர்கள், வலப்பக்கம் செல்காரர்கள். தண்ணீர்க்காரர்கள் ஒரு கரித்தூள் செய்கிறார்கள். சாயத் தண்ணீரில் அதைக் கலக்கி வடிகட்டினால் தண்ணீர் தெளிந்துவிடும். சாயம் என்ன, ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் கலந்து வரும் மருந்தைக்கூட அந்தத் தூள் உறிஞ்சி விழுங்கிவிடும். செல்காரர்கள் சிறுநீரகப் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை சாகின்றன என்று பார்க்கிறார்கள். இடப்பக்கப் பாட்டிலுக்கு நீல ஒட்டு, வலப்பக்கத்துக்குச் சிவப்பு ஒட்டு. ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது.

இப்போது வலப்பக்கத் தட்டில் வளர்வது அவள் புருஷனுடைய செல்கள்.

சிறுநீரகம் ஒன்றை எடுத்தும் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. இரண்டு மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள், எதற்கும் மசியவில்லை. மிச்சமிருப்பது ஒரே ஒரு மாத்திரை, அதுவும் ஆளை உருட்டிப் போடுகிற ரகம். டாக்டர் கட்டியில் ஒரு துண்டை எடுத்து இங்கே அனுப்பினார். "தட்டுல செல் செத்தா தைரியமா ஆரம்பிப்போம். சாகலைன்னா அவரை வீணா வதைக்க வேண்டாம்மா" என்றார்.

திங்கட்கிழமை செல்கார மேடம் கழுவும் அறைக்கே வந்தாள். வழக்கமாக அங்கே வருகிற ஆளே இல்லை.

"அக்கா, அஞ்சு நாள் பார்த்தாச்சு. மருந்து அதை ஒண்ணுமே பண்ணலை. டாக்டருக்கு இன்னும் சொல்லலை. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

பளிச்சக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைப் பார்த்தபோதுதான் போன வாரப் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பாதிக் கழுவலில் புருஷன் போன் பண்ணி, இருமினால் ரத்தம் வருகிறது என்றான். போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு பாட்டிலில் ஒட்டு உரிந்து தொட்டிக்குள் ஊறிக் கிடந்தது, நிறம் வெளுத்து. நீலமா சிவப்பா தெரியவில்லை. கழுவினோமா இல்லையா என்றும் தெரியவில்லை. புத்தி எல்லாம் ஆஸ்பத்திரியில். ஏதோ ஒரு வேகத்தில் புது சிவப்பு ஒட்டை ஒட்டி வலப்பக்கம் வைத்துவிட்டாள். லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. மேடம் மருந்து கரைத்தது அந்தப் பாட்டிலில்தான்; அதில் புது ஒட்டு இருந்ததை இவளே பார்த்தாள்.

அடிப்பாவி! அதில் கரித்தூள் ஒட்டிக்கொண்டிருந்தால்? மருந்தைத் தூள் விழுங்கியிருந்தால் செல் எப்படிச் சாகும்? என் கையாலேயே அவருக்கு முடிவு கட்டிவிட்டேனா? சொன்னால் பத்தொன்பது வருஷப் பேரும் போச்சு, வேலையும் போச்சு. சொல்லாவிட்டால் அவரே போச்சு. அன்று முழுக்க எதைக் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் மேடம் கிளம்பும்போது கதவை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மேடம் திட்டவில்லை. "புதுப் பாட்டில் ஒண்ணு, அந்தப் பழைய பாட்டில் ஒண்ணு. ரெண்டுலயும் மருந்து கரைச்சு மறுபடி பார்த்துடுவோம்" என்றாள்.

அந்த ஐந்து நாளும் அவள் ஒரு விசித்திரமான வேண்டுதலில் இருந்தாள். சாமி, என் கை அழுக்காக இருந்திருக்கட்டும். நான் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கட்டும். என்னை வேலையை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்லை. புருஷனிடம் இந்த வேண்டுதலைச் சொன்னபோது அவன் இருமிக்கொண்டே சிரித்தான். "நீயா? அழுக்கா? போடி!"

ஆறாம் நாள் மேடம் பழைய பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு ஆறுதல் சிரிப்பு, கண்ணில் அது இல்லை.

"அக்கா, உங்க மேல தப்பே இல்லை. இதுல கரைச்ச மருந்துல வேற நோயாளிங்க செல் எல்லாம் ஒழுங்கா செத்துப்போச்சு. இடப்பக்கத்துலயும் கொடுத்துச் சோதிச்சேன். துளித் தூள்கூட இல்லையாம்." பாட்டிலை நீட்டினாள். "ரெண்டு பாட்டில் மருந்துக்கும் சாரோட செல் மட்டும் அப்படியேதான் இருக்கு."

பளிச்சக்கா அதை வாங்கி லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கை தவறியிருக்கக் கூடாதா?

பையில் போன் அடித்தது. அவன்தான்.

"என்னடி, பார்த்துட்டாங்களா?"

"ம்."

"பாட்டில் எப்படி இருந்துச்சாம்?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அதான் எனக்குத் தெரியுமே!" என்று பெருமையாகச் சிரித்தான். "நீயாவது, அழுக்கு வைக்கிறதாவது!"

அப்புறம் அவன் சிரிப்பு மெல்ல நின்றது.