கரும்புக்குள் போன சங்கிலி

பேய்க்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது தம்பி, அதை முதலில் காதில் போட்டுக்கொள்ளுங்கள். முச்சந்தியில் சுற்றிக் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்து உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தவன் நான், குடித்துவிட்டு இன்னொன்று கிடக்கிறதா என்று தேடினவன். பாகூர் ஏரிக்கரையில் எந்த இடத்துக்குப் போகாதே என்கிறார்களோ அங்கேதான் வேண்டுமென்றே போய் உட்கார்ந்து பீடி பற்றவைப்பேன். இத்தனைக்கும் நான் சொல்லப்போவது இருட்டில் நடந்ததும் இல்லை, பட்டப்பகல், உச்சி வெயில், நிழல் காலுக்கடியில் கிடக்கிற நேரம். சிரிக்கிறதானால் சிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் 'கள்ளு குடிச்சிருந்தீங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டவர்களோடு நான் பேச்சையே விட்டிருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறின புதிது. மேலே இருந்தவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்று அவசரம். பட்டணத்துக் காலேஜுக்கு இடம் போதவில்லை, பாகூர்ப் பக்கம் நிலம் எடுத்துப் பெரிதாக்கப் போகிறோம், அப்படியே இங்கே கடைத்தெருவை நேராக்கிச் சந்தையைத் தள்ளி வைத்து நடு ஊரையே டவுன் மாதிரி ஆக்கப் போகிறோம் என்றார்கள். அப்போதெல்லாம் ஊர் நிர்வாகத் தலைவரை மேர் என்போம். அவர் தன் ஆபீஸ் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். ஏரி இருந்தது, கோயில் இருந்தது, எங்கள் தெரு இருந்த இடத்தில் மாணவர் விடுதி இருந்தது.

எனக்கு அதில் கோபமில்லை, உள்ளதைச் சொன்னால் சந்தோஷம்தான். நம் பிள்ளைகள் படிக்கக் காலேஜ் வருகிறது என்றால் ஒழுகுகிற ஓலை வீட்டைக் கட்டிக்கொண்டு எதற்கு அழ வேண்டும் என்பது என் கட்சி. ஏரிக்கு அந்தப் பக்கம் மனை தருகிறோம் என்று மேர் சொன்னார், தெருவே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் அக்கா அஞ்சலை.

அவளுக்குக் காரணம் இருந்தது. கைக்குழந்தை தவறிப்போனால் எங்களில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை, வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்து, நாய் நரி கிளறாதபடி சுற்றிலும் முள் நடுவார்கள். அக்காவின் முதல் பெண்குழந்தை அப்படித்தான் அங்கே கிடந்தது. உட்காரப் பழகவில்லை, அம்மா என்றுகூடச் சொன்னதில்லை, அதற்குள் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. அக்கா கருவேலங்குச்சிகளைச் சீவிச் சுற்றி நட்டு, ஒவ்வொன்றிலும் பிள்ளைக்குத் தூளி கட்டின சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருந்தாள். துணி நைந்தால் அதே சேலையில் இன்னொரு துண்டு கிழிப்பாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

"கடக்கால் தோண்டுவானுங்கடா, அவ மேல கான்கிரீட்ட கொட்டுவானுங்க. பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டிப் பூடாதா?" என்றாள்.

"மண்ணுக்குள்ள இன்னாக்கா மூச்சு?" என்றேன் நான்.

என் வாய் அப்படி. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கிளம்பாவிட்டால் போலீஸ் வரும் என்று மேர் ஆள் அனுப்பினபோது, "வரட்டும், என்னையும் அதே குழில வெச்சி மூடச் சொல்லு" என்றாளாம். அவள் சொன்னால் செய்கிறவள், அதனால் எனக்கு உள்ளுக்குள் கலக்கம்தான்.

இதற்கு நடுவில் நிலத்தை அளக்கச் சர்வேயர் வந்தார், மதராஸ் பக்கத்து ஆள், குடையும் தொப்பியுமாக. சங்கிலி பிடிக்கக் கூலிக்கு எங்கள் தெருவிலேயே ஆள் எடுத்தார். நானும் அஞ்சலையின் புருஷன் வேலு மாமாவும் போனோம். தன் வீடு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று தானே அளக்க வேண்டியிருந்தது பாருங்கள், அந்த மனுஷன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வேலை இப்படி. முன் ஆள் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நடப்பான், சங்கிலி முழுக்க நீண்டதும் இழுத்துப் பிடித்துக் கணக்குச் சொல்லி அந்த இடத்தில் ஒரு கம்பியைக் குத்துவான். பின் ஆள் அந்தக் கம்பிவரைக்கும் வந்து, தன் முனையை அதில் வைத்து, அடுத்த அளவு ஆனதும் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வான். எங்கள் ஆட்கள் களத்தில் நெல் அளந்து பழகினவர்கள், முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம், அப்புறம்தான் ரெண்டு, மூணு. சங்கிலிக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. சர்வேயருக்கு அது பிடிக்காது. "ஒண்ணுன்னு சொல்லுய்யா, இது என்ன நெல்லு மண்டியா" என்று திட்டுவார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் லாபம் என்போம்.

சாலைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு கரும்புத் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. வெட்டிப் பாதை விடு என்றால் நிலக்காரர் முடியாது என்றுவிட்டார், சரி, இரண்டு வரிசைக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாகவே அளந்து போங்கள் என்றார் சர்வேயர். அதற்குள் போனால் முன் ஆள் பின் ஆளுக்குத் தெரியவே மாட்டான். குரலை வைத்துத்தான் வேலை. இதுதான் நாங்கள் செய்த தப்பு, ஆளைப் பார்க்காமல் குரலுக்குச் சங்கிலி விடக் கூடாது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வேலு மாமா தோளில் கம்பிப் பையோடு முனையைப் பிடித்துக்கொண்டு கரும்புக்குள் நுழைந்தார். நான் முளை அடித்த இடத்தில் என் முனையைப் பிடித்துக் குந்தியிருந்தேன். சர்வேயர் சாலையோரப் புளியமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். காற்று சுத்தமாக இல்லை, ஒரு தோகை அசையவில்லை. கொஞ்ச நேரம் சங்கிலி சும்மா கிடந்தது. அப்புறம் மெதுவாக நகர்ந்தது, நீண்டது, விறைத்தது.

"லாபம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெல்லிசான குரல். மாமா சர்வேயரைக் கிண்டல் பண்ணப் பெண்பிள்ளை மாதிரிக் குரலை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன், மனசு சரியில்லாத மனுஷன் இன்றைக்காவது விளையாடுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளே நடந்தேன். இடுக்கில் கம்பி நட்டிருந்தது, குனிந்து சங்கிலியை வைத்தேன், மறுபடி விறைத்தது, "ரெண்டு" என்றது குரல், பிடுங்கிக்கொண்டு போனேன். கண்ணில் வியர்வை, முகத்தில் தோகை அறுக்கிறது, கையில் எடுப்பதை யார் பார்த்தார்கள். இப்படியே மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போயிற்று.

அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. நான் சங்கிலியை இடுப்பு உயரத்தில் தூக்கிப் பிடித்தால் முன்னால் போகப் போக அது தாழ்ந்து போனது. அந்தப் பக்கம் பிடிக்கிறவர் குந்திக்கொண்டு பிடிக்கிறாரா என்ன? இன்னொன்று, அந்தத் தோட்டத்தின் அகலம் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கரும்பு திருடின தோட்டம் அது. இதற்குள் அந்தப் பக்கம் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னாலும் கரும்பு, பின்னாலும் கரும்பு.

"மாமா, நில்லு," என்றேன். சங்கிலியை மட்டும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது, வா என்கிற மாதிரி.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து, நான் வந்த வழியிலிருந்து, வேலு மாமாவின் குரல் கேட்டது.

"டேய் ராசு, யாருகூடடா அளக்குற?"

பயம் என்றால் பயம் தம்பி, வாயால் சொல்கிறேன். சங்கிலி மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை கையைப் பிய்க்கிற மாதிரி இழுத்தது. நான் விட்டுவிட்டேன். விட்டதும் அது ஓடவில்லை, அவசரப்படவில்லை, யாரோ நடக்கிற நடைக்குத் தகுந்த மாதிரி கிணுக் கிணுக் என்று கரும்புக்குள் போனது. சத்தம் தேயும்வரை நின்றுகொண்டிருந்தேன், அப்புறம் திரும்பி ஓடினேன்.

வரப்பில் வேலு மாமா நின்றுகொண்டிருந்தார். வயிறு கலக்குகிறது என்று உள்ளே நாலடி வைத்ததுமே முனையைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் ஒதுங்கியிருக்கிறார். சங்கிலி அசையாவிட்டால் நான் காத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அவர் தோளில் பை, பையில் கம்பி அத்தனையும் அப்படியே. அப்படியானால் நான் இவ்வளவு நேரம் பிடுங்கிக்கொண்டு வந்தது என்ன என்று கையைப் பார்த்தேன். கருவேலங்குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் தூளிச் சேலைத் துண்டு.

மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சர்வேயர் சங்கிலி எங்கே என்று கத்தினது காதில் விழுந்தும் நாங்கள் நிற்கவில்லை, வரப்போரமாகவே சுற்றி வீட்டுக்கு ஓடினோம். அக்கா பின்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். காலையில் தண்ணீர் தெளித்தபோதுகூடக் குச்சிகள் இருந்தன என்றாள். இப்போது குழி குழியாக ஓட்டை மட்டும்தான், நடுவில் மண் கலையாமல் இருந்தது. மாமா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அக்கா அழவில்லை. என் கையிலிருந்து குச்சிகளை வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"கொரலு எப்டிடா இருந்துச்சு?"

"சின்னப் பொண்ணு கொரலுக்கா. ஆறு வயசு சொல்லலாம்."

"இருந்தா இப்ப அதான் வயசு," என்றாள். அப்புறம், "பேசுறாளா?" என்று கேட்டாள்.

"லாபம்னு சொல்லிச்சு. அப்புறம் ரெண்டு, மூணுன்னு சொல்லிச்சு."

"நடக்குறாளா?"

"நல்லா நடக்குதுக்கா. எனக்கு முன்னாடியே போவுது."

மண்ணுக்குள் என்ன மூச்சு என்று கேட்ட வாய் அது. சொல்லச் சொல்ல எனக்கும் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இத்தினி வருசமா அங்கயே படுத்துக் கெடக்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா," என்றாள் அக்கா. சேலைத் துண்டுகளைக் குச்சியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாய்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும், "மேர்கிட்ட சொல்லிடு, நான் வரேன்" என்றாள்.

தெரு காலியான அன்று எல்லோரும் வாசலில் பிடிமண் எடுத்துக்கொண்டோம், புது மனையில் போட. அக்காவும் பின்பக்கத்து மண்ணை ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏரிக்கரை பாதி தூரம் வந்ததும் நின்றாள். விறுவிறு என்று திரும்பிப் போய் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். ஏன் என்றேன்.

"அவ வேலயா இருக்கா. பாதியில இட்டாந்தா கோச்சிக்குவா."

சங்கிலி கிடைக்கவில்லை. நான்தான் திருடி இரும்புக் கடையில் போட்டேன் என்று சர்வேயர் எழுதி வைத்தார், என் கூலி வேலை போயிற்று. அந்தப் பருவத்திலேயே கரும்பு வெட்டினார்கள், உழுதார்கள், விடுதிக்குக் கடைக்கால் தோண்டினார்கள். அவ்வளவு நீளச் சங்கிலி, ஒரு கண்ணிகூட அகப்படவில்லை. விடுதியில் எத்தனையோ பிள்ளைகள் படித்துப் போனார்கள், எங்கள் தெருப் பையன்களும் இருந்தார்கள், ஒருத்தரும் அங்கே எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்தக் கடைசி இழுப்பு இருக்கிறதே, அது ஆறு வயதுப் பிள்ளையின் இழுப்பு இல்லை. வண்டிமாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்துகிறவன் நான், எனக்குப் பலம் தெரியும். அதுவரைக்கும் பிடித்திருந்த கை வேறு, அப்போது பிடித்த கை வேறு. அக்கா நிம்மதியாக இருக்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மறுபடியும் காலேஜைப் பெரிதாக்குகிறார்களாம். போன மாதம் அளக்க வந்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். சங்கிலியும் இல்லை, கம்பியும் இல்லை, ஒரே ஆள், கையில் ஒரு சின்ன மெஷின், பட்டனை அமுக்கினால் அளவு தெரிகிறது. வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, காது நன்றாகக் கேட்கும். என் முகம் இருக்கிற பக்கம் திரும்பினாள்.

"ஒத்த ஆளா? அப்ப அந்தாண்ட முனைய யாருடா புடிச்சிக்கினு நிக்கிறது?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை தம்பி. நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.