பொம்மை பாடிய அலைப்பாட்டு

நேற்று பேத்தி கைபேசியை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். பச்சை மயிர் பொம்மை ஒன்று வாயைப் பிளந்து, அலைமேல் பலகையில் சறுக்குகிற அந்தப் பழைய ஆங்கிலப் பாட்டைப் பாடியது. "ஏளா, அத அணை!" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்பு அதே பாட்டைப் பொம்மையை வைத்துப் பாடிய மடையன்மேல்தான் கோபம். அந்த மடையன் நான்.

எழுபதுகளில் துறைமுகச் சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. கப்பலில் போய்வந்த ஒருவன் கொடுத்த இசைத்தட்டில் அந்தப் பாட்டு வந்தது. கிதாரைத் தண்ணீரில் முக்கி எடுத்து வாசித்ததுபோல் இருக்கும். அதைப் பாடவைக்கப் பழைய சாக்கில் பொம்மை தைத்து, உள்ளே தேங்காய் நார் அடைத்தேன். நனைந்த சாக்கு வாடை அடித்தால் இன்றும் அதுதான் ஞாபகம் வரும். பெரிய மீசையும் வைத்தேன். எனக்கே அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சவரிமுத்து என் கூட்டாளி. சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிப்பவன். இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் முங்குகிறவனுக்கு மச்சான்தான் மேலே கயிறு பிடிக்க வேண்டும். எங்கள் கரையில் அதுதான் வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான் என்கிற நம்பிக்கை. அந்த வருடம் சவரிமுத்து இழுத்தபோது வெறும் கயிறுதான் வந்தது. மச்சான் வரவில்லை. அதோடு தங்கச்சி லூர்து அவனிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, எட்டு மாதம்.

அவனைச் சிரிக்கவைக்கிறேன் என்று கோயில் திருநாள் நாடகத்துக்கு இழுத்துப்போனேன்.

"வாலே, பொம்ம இங்கிலீசுல பாடுது."

"நீ பாடுனாலே பொம்ம மாரித்தாம்ல இருக்கும்" என்றான். அவன் அவ்வளவு பேசியதே பெரிது.

மேடையில் இரண்டு பேர் நீலச் சேலையை ஆட்டி அலை காட்டினார்கள். நான் பெஞ்சின்மேல் நின்று பொம்மையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீச்சுக்குரலில் பாடினேன். பலகையிலிருந்து பொம்மை விழ வேண்டிய கட்டம். கயிற்றைத் தளர்த்தினேன். பொம்மை சேலைக்குள் போனது. நாடகக் கொட்டகையே சிரித்தது. சிரிப்பு கேட்டதும் எனக்குக் கொழுப்பு. இன்னும் தளர்த்தினேன்.

யாரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன் என்று யோசிக்கவே இல்லை.

சவரிமுத்து மேடையில் ஏறிவிட்டான். "ஏலே, கயித்த இழுலே! இழு!" என் கையிலிருந்து பிடுங்கிக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். பொம்மை மேலே வந்த பிறகும் நிறுத்தவில்லை. காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையோரம் பாட்டுக்குக் கிதார் வாசித்தவன் மட்டும் ஒன்றும் புரியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்தாள்.

"யண்ணே, வந்துட்டு. விடு."

"வரலியே, ஏளா."

"நீ இழுத்தேன்னு எனக்குத் தெரியும்ணே."

உன் பொம்மையால்தான் அவர்கள் சேர்ந்தார்கள் என்று பிறகு பலர் என்னைப் பாராட்டினார்கள். மண்ணாங்கட்டி. நான் செய்தது மடத்தனம். அதைத் தாண்டி நடந்ததெல்லாம் லூர்து செய்தது.

இப்போது முங்குகிறவனுக்குக் குழாயில் காற்று வருகிறது. கயிறு பிடிக்க மச்சானைத் தேடி யாரும் போவதில்லை. நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் ஐஸ் கம்பெனி. பொம்மையை மறுநாளே எரித்தேன். கயிற்றைச் சவரிமுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. இன்று வாய் வருகிறது, சவரிமுத்து இல்லை.