மாற்றமா, நெருக்கடியா?

போன வாரம் பென்னாகரத்தில் ஒரு விவசாயிகள் கூட்டம். பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு ‘காலநிலை மாற்றம்’. இந்தப் பத்தியிலேயே எத்தனை முறை எழுதியிருப்பேன்! தயாரிப்பே இல்லாமல் கிளம்பிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் கேள்விக்கு எழுந்தவர் சகாயமேரி. ஒரு ஏக்கரில் தக்காளி போடுகிறவர்.

“மாத்தம் மாத்தம்னீங்களே... எம் பொண்ணு வேலைக்குப் போனப்பறம் வூட்ல நல்ல மாத்தம்னு எல்லாருஞ் சொன்னாங்க. இதுவும் அதே மாத்தங்களா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

இந்தக் கோடையில் ஒரு நாள், பகல் பதினொரு மணி. தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் அந்தோணி அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். “அவருக்கு மயக்கமா வருதுங்க” என்று மேரி கூவினார். பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள், “மோரு குடு, செரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

அந்தோணியின் உடம்பு கொதித்தது. பேச்சு குழறியது. மேரி அலறினார். “உசுரு போவுது, ஓடியாங்க!”

அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால், இனி வெயிலில் நிற்கக் கூடாதாம். இப்போது மொத்தக் காட்டையும் மேரிதான் பார்க்கிறார்.

“மயக்கம்னப்ப மோரு குடுன்னாங்க. உசுரு போவுதுன்னப்பதாங்க வந்தாங்க. எல்லாஞ் சொல்ற வார்த்தையில இருக்குதுங்க.”

‘காலநிலை நெருக்கடி’ என்று சிலர் எழுதும்போதெல்லாம், எதற்கு இந்த மிரட்டல் என்று நினைத்தவன் நான். ‘மாற்றம்’ தப்பான சொல் இல்லை. வெப்பமும் மழையும் பல்லாண்டுகளாக எப்படி மாறி வருகின்றன என்று அளப்பவருக்கு அது போதும். வயலில் விழுந்தவருக்கு? ‘நெருக்கடி’ என்றால் இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும் என்று அர்த்தம். அந்த அவசரம் ‘மாற்றத்தில்’ இல்லையே...

“இனி நெருக்கடின்னே சொல்றேங்க” என்றேன்.

“சொல்லுங்க. சொல்லிட்டு என்ன பண்ணுவீங்க?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். சொல்லை மாற்ற ஒரு நொடிகூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஏசியை அணைக்கத்தான் மனம் வரவில்லை!