அண்ணியைக் குந்தச் சொன்னேன்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால், விழுப்புரம் கோர்ட்டில் அண்ணி நின்ற நிற்பு என்னோடு போய்விடும்.

அண்ணன் இறந்த பிறகு அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். வளவனூர் பக்கம் யார் நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுத்தாலும் அண்ணியின் வரிசைதான் முதலில் முடியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்தியபடியே நகர்வார். திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு கார், சாலையோரம் நடந்துபோன அவரை இடித்துத் தள்ளியதில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த கார்க்காரர் கட்டிலருகே நின்று, "வரப்புல வழுக்கி வுழுந்துட்டு எங்கார் மேல பழி போடுறீங்களா?" என்றார். பதில் சொல்ல வேண்டியவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை மூன்று வருடம் மனதுக்குள் மென்றுகொண்டிருந்தேன்.

நஷ்டஈட்டு வழக்கில் நாங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: அண்ணியால் இனி களை எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் வக்கீல் எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பு கூடிவிட்டது என்றார். அண்ணியோ, கோர்ட்டுக்குப் போகிறோம் என்று கஞ்சி போட்ட புடவை கட்டி, கைத்தடியை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நீதிபதி நாற்காலி போடச் சொன்னபோது, "பெரியவங்க முன்னால ஒக்கார மாட்டேங்க" என்று சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வக்கீல் சிரித்தார். "முக்கா மணி நேரமா தடி இல்லாம நிக்கிறாங்க, ஐயா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எனக்குப் பின்னால் இருந்த கார்க்காரர், என் காதில் விழும்படி, "குதிரையாட்டம் நிக்கிது பாரு" என்றார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஐயா, நிக்கிறதுக்கு யாரும் கூலி குடுக்கிறதில்லீங்க. களை புடுங்குற மாதிரி குந்தவச்சு, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்க" என்றேன். நீதிபதி முதலில் என்னை அதட்டினார். பிறகு அண்ணியிடம், "முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியுங்க" என்றார் அண்ணி.

கூண்டுக் கம்பியைப் பிடித்துக் குந்தினார். எழ முடியவில்லை. மறுபடி முயன்றபோது இடது கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்தார். மாராப்பு விலகியது. ஒரு பெண் போலீஸ் ஓடிவந்து தூக்கினார். நான் ஓடவில்லை. திரும்பிக் கார்க்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளுத்து, மெல்லத் தாழ்ந்தது. அப்படியொரு நிறைவு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் இரண்டு கவளம் கூடுதலாக இறங்குகிறது. நிரந்தர ஊனம் என்று பின்னால் தீர்ப்பும் வந்தது. அது கொடுத்த சந்தோஷம்கூட இதில் பாதிதான்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார். "நான் கீழ கெடந்தப்ப அவன் மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்த?"

"ஆமாண்ணி."

"அங்க இருந்தவன் அத்தினி பேரும் என்னியப் பாத்தான். நீ ஒருத்தி வந்து மாராப்ப இழுத்து வுட்டிருக்கலாம்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அண்ணி கண்டாச்சிபுரத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.